சுவர் எழுந்த தேதி

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹாரன் கேட்டது. பிரிஜெட் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்தின் கோடிக்குப் போனாள். அங்கே சுவரோரம் ஒரு டிரம் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் ஏறி நின்றாள். தம்பி கிளெமென்ட் பின்னால் வந்தான்.

அவள் கணவன் லாயிடின் முப்பதாம் நாள் பூசை காலையில் முடிந்திருந்தது. சமைத்தது போதவில்லை. நாலு பிரியாணி வரச் சொல்லியிருந்தார்கள்.

“மேடம், மேப்னல்லி ரோடு தோரிஸ்தா இதே,” என்றான் அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் இருந்தவன். மேப்பில் ரோடு காட்டுகிறதே என்று கன்னடத்தில் கேட்ட அவன் குரல், சுவரை அவள்தான் கட்டிவைத்தது போல இருந்தது.

“தோர்ஸ்லி பிடி. இல்லி கொடி,” என்று, காட்டினால் காட்டட்டும், இங்கே கொடு என்பதாகப் பிரிஜெட் கையை நீட்டினாள்.

பொட்டலங்கள் ஒவ்வொன்றாகச் சுவர் தாண்டி வந்தன. கிளெமென்ட் கீழே நின்று வாங்கிக்கொண்டான்.

“பாத்தியா கிளெமி. டெய்லி இப்பிடித்தான். மளிகை, மருந்து, எல்லாம் செவுத்து மேலதான் வருது. ஆம்புலன்ஸ் மட்டும்தான் வர முடியல.”

டிரம்மிலிருந்து இறங்க அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள்.

லாயிடுக்கு முடியாமல் போன அன்றைக்கு ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்துவிட்டது. வந்தது அந்தப் பக்கம். சைரன் இத்தனை பக்கத்தில் கேட்கிறதே என்று பிரிஜெட் வாசலுக்கு ஓடினாள். சந்து காலியாக இருந்தது. இதே டிரம்மின் மேல் ஏறிப் பார்த்தபோது டிரைவர் கையிலிருந்த போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். லாயிட் கனத்த உடம்பு. வண்டி பின்னாலேயே போய், மார்க்கெட்டைச் சுற்றி, ஒருவழிப் பாதையில் மாட்டி, இந்தப் பக்கம் வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. சைரன் இரண்டாவது முறை கேட்டபோது லாயிடுக்குக் கேட்கவில்லை.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் பிரிஜெட் தம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீ மேப் ஆபீஸ்லதானே இருக்கே. அந்த ரோட்ட அழிச்சு விடேன்.”

“நாளைக்கே பண்ணிடறேன்க்கா.”

“இன்னொன்னு. அத யாரு போட்டதுன்னு உள்ள தெரியுமாமே? பவுலின் சொன்னா.”

பவுலின் பக்கத்து வீட்டுக்காரி.

“பேரு மட்டும் பாத்துச் சொல்லு. சண்டைக்கெல்லாம் போக மாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேக்கணும்.”

“என்ன கேள்வி?”

“அத அந்தாளுகிட்ட கேட்டுக்கறேன்.”

மறுநாள் வைட்ஃபீல்டு ஆபீசில் தன் இடத்தில் உட்கார்ந்ததும் கிளெமென்ட் முதலில் அந்தச் சந்தைத் திறந்தான். வழக்கமாக அவனுக்கு இடங்கள் வருவதில்லை, சதுரங்கள்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஊர் பெயர், தெருப் பெயர் எதுவும் இருக்காது. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கோடு போட வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு நூற்றெண்பது. மரம் மறைத்திருந்து, இரண்டு பக்கமும் பாதை நேர்க்கோட்டில் தெரிந்தால் இணைத்துவிடலாம் என்பது விதி.

இந்தச் சதுரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. சுவர் அதன் அடியில் இருந்தது. இணைத்தவர் எண் ஓரத்தில் இருந்தது. நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.

கிளெமென்ட் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பார்க்கத் தேவையில்லை, அவனுடைய எண்தான்.

படத்தைப் பெரிதாக்கினான். மரத்தை ஒட்டிய அக்கா வீட்டுக் கூரையில் நீலத் தார்ப்பாய். படம் எடுத்த வருடம் மழைக்கு முன்னால் அவனே ஏறிக் கட்டியது. நாலு மூலையிலும் அவன் வைத்த செங்கற்கள்கூடப் புள்ளிகளாகத் தெரிந்தன. அந்தச் சதுரத்துக்கு அவன் எடுத்துக்கொண்ட நேரமும் பதிவாகியிருந்தது. பதினோரு நொடி.

“என்ன கிளெமென்ட், ஒரே சதுரத்துல குடும்பம் நடத்தறே?” டீம் லீட் சுந்தரமூர்த்தி பின்னால் நின்றார்.

“சந்துல செவுரு இருக்கு சார். ரோட்ட வெட்டணும்.”

“புதுசா கட்டினதா, நம்மாளு தப்பா போட்டதா?”

கிளெமென்ட் கழுத்து அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான்.

“தப்புன்னா போட்டவனுக்கு ஒரு பிளாக் மார்க் விழும். மூணு விழுந்தா வெளியே. எவன் வயித்துல அடிக்கப் போறியோ. புதுசா கட்டினதுன்னா யாருக்கும் தலைவலி இல்ல, ஒரு போட்டோ போதும்.” அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

கிளெமென்டுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன.

மாடிப்படியில் நின்று அக்காவுக்குப் போன் செய்தான். சுவரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான்.

“அனுப்பறேன். யாருன்னு பாத்தியா?”

“ஆளு இல்லக்கா. மெஷின். அதுவா போட்டுக்கும்.”

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது.

“மெஷினா. அப்ப அதுகிட்டப் போய் என்னத்த கேக்கறது.”

“விடுக்கா.”

“ஒரு தடவையாவது இந்தப் பக்கம் வந்திருக்கியாடான்னு கேக்கணும்னு இருந்தேன். வந்து பாத்திருந்தா போட்டிருப்பானா?”

ஞாயிறு தவறாமல் பூசை முடிந்து அவள் வீட்டில்தான் கிளெமென்ட் சாப்பிடுவான். பைக்கை அந்தச் சுவரில்தான் சாய்த்து நிறுத்துவான்.

“வெச்சிடறேன்க்கா. வேலை இருக்கு.”

பத்து நிமிடத்தில் படம் வந்தது. சுவரில் பாசி கருத்துப் போயிருந்தது. விரிசலில் அரசங்கன்று ஒன்று வேர்விட்டு, கல்லைப் பிளந்திருந்தது. நடுவில் தார் வைத்து வரைந்த மூன்று ஸ்டம்புகள், பாதி அழிந்து. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது லாயிட் வரைந்தது.

கிளெமென்ட் படத்தை ஏற்றினான். காரணம் என்ற கட்டத்தில் இரண்டே தேர்வுகள். ‘முந்தைய பிழை’ மேலே இருந்தது. கீழே இருந்த ‘புதிய தடை’யைத் தொட்டான். தடை எழுந்த தேதி என்று இன்னொரு கட்டம் திறந்தது. இன்றைய தேதி தானாகவே விழுந்திருந்தது. லாயிட் செத்த அன்று அங்கே வழி இருந்தது என்று அதற்கு அர்த்தம். அவன் அதை மாற்றவில்லை.

நாலு நொடியில் ஏற்கப்பட்டது. கோடு நடுவில் அறுந்து, இரண்டு துண்டுகளுக்கிடையே தலைமுடி அளவு இடைவெளி விழுந்தது. அடுத்த சதுரம் வந்து காத்திருந்தது.

அக்கா அனுப்பிய படம் திரையின் ஓரத்தில் இன்னும் திறந்திருந்தது. சுவரோரம் அந்த டிரம். அதன் மேல் அவளுடைய ஈரக் காலடிகள் இரண்டு, சுவரைப் பார்த்தபடி.