தவராஜாவின் நான்கு தட்டு மின்னடுப்பு

2022 மார்கழி 12, திங்கட்கிழமை. சுவிற்சர்லாந்தின் கூர் நகரில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் ஒன்பது பாகை, வானம் தெளிவு, காற்று இல்லை. அன்று முற்பகல் பதினொரு மணிக்குத் தவராஜாவின் வீட்டு மின்மானி பின்னோக்கிச் சுழலத் தொடங்கியது. முதியோர் இல்லமொன்றின் சமையற்காரரான அவர், அவ்வேளை தம் வீட்டில் இருபது பேருக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு இராஜேந்திரனின் மனைவி முதல்நாள் காலமாகியிருந்தார். தகனம் முடியும்வரை மரண வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது யாழ்ப்பாணத்தார் இங்கும் கைவிடாத வழக்கமாகும். ஊரில் அது ஓரிரு நாட்களில் முடிந்துவிடும். கனடாவிலிருந்து மகன் வரவேண்டியிருந்தமையால் இங்கு பத்து நாட்களாக நீண்டது. அத்தனை நாட்களுக்கும் உணவனுப்பும் பொறுப்பைத் தவராஜா ஏற்றார்.

அக்குளிர்காலம் உலகெங்கும் எரிசக்தி நெருக்கடி நிலவிய காலமாகும். கிழக்கிலிருந்து வரும் எரிவாயு குறைந்தது. அயல்நாட்டு அணு உலைகள் பல திருத்தத்தில் நின்றன. அறைகளைப் பத்தொன்பது பாகைக்கு மேல் சூடாக்க வேண்டாமென அரசு கேட்டுக்கொண்டது. தவராஜாவின் அடுப்போ முதல் நாளிலேயே பன்னிரண்டு அலகு மின்சாரத்தை ஊருக்கு வழங்கியது. கத்தரிக்காய்க் குழம்பு சேர்ந்த மூன்றாம் நாள் கட்டடத்தின் மின்தூக்கியும் சலவை அறையும் அதனாலேயே இயங்கின. ஐந்தாம் நாள் தெருவிளக்குகள் அனைத்தும் எரிந்தன. மின்சந்தையில் அலகின் விலை அரை ராப்பன் காசு இறங்கியது. ஆறாம் நாள், மின்மானியைத் திருத்தி மோசடி செய்ததாக ஐயமெழுந்துள்ளது என்று மின்சார நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது.

"தை மாதம் குடியுரிமை நேர்முகம். அதுக்குள்ள கரண்ட் கள்ளன் எண்டு பேர் எடுக்கப் போறியளோ?" என்றார் மனைவி லக்சாயினி. "இருபத்தாறு வருசம் காத்திருந்தது இதுக்கோ? நிப்பாட்டுங்கோவன்."

"நான் நிப்பாட்டினா அந்த மனுசன் என்னத்தைச் சாப்பிடுறது? நீர் அந்தத் தேங்காயைத் திருவும்."

எட்டாம் நாள் மின்பரிசோதகர் திருமதி கடூஃப் வந்தார். கம்பிகளைச் சோதித்தார், குற்றம் காணவில்லை. தவராஜாவுக்கென்றே ஒரு முட்டை பொரிக்கச் சொன்னார்; மின்மானி முன்னோக்கிச் சுழன்றது. எதிர் வீட்டுக்குச் சொதி வைக்கச் சொன்னார், பின்னோக்கிச் சுழன்றது. இதை மும்முறை செய்து பார்த்தபின் முட்டைகளை அவரே உண்டார். "மூடி போட்டுச் சமைத்தால் இன்னும் நன்று" என்று மட்டும் அறிவுறுத்தினார். உற்பத்தி வகைகளாக நீர், கதிரவன், காற்று என அச்சிடப்பட்டிருந்த படிவத்தில், 'மரண வீட்டுச் சோறு' என நான்காவது வரியைக் கையால் எழுதி ஒப்பமிட்டார். அதன் பிரதியொன்று குடியுரிமைக் கோவையில், நற்சான்றிதழ்களின் கீழ் வைக்கப்பட்டது. நேர்முகத்தில் அதுபற்றி எவரும் வினவவில்லை.

மார்கழி 21 அன்று தகனம் நிறைவுற்றது. இராஜேந்திரன் மகனுடன் வீடு திரும்பி, தம் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். தவராஜாவின் வீட்டு மின்மானி ஒரு கணம் நின்று, முன்னோக்கிச் சுழன்றது. அப்போது நேரம் பிற்பகல் நான்கு மணி பதினேழு நிமிடம்.