தகரக் கதவோடு போன கார்

எங்கள் களத்தில் பாதியை ஒரு அமெரிக்கக் கார் அடைத்துக்கொண்டிருந்தது. எழுபதுகளில் செய்தது. காவலூர் வானாய்வகத்துக்கு நட்சத்திரம் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், அது எங்கள் மலை ஏறிப் பழுதாகி நின்றுபோனதும் என் மாமனாரிடம் விட்டுவிட்டுப் போனாராம். கப்பல் நீளம், அழுகின வாழைப்பழ நிறம், இரண்டு பக்கமும் மரம் மாதிரி ஸ்டிக்கர். அதைவிட அசிங்கமான வண்டியை நான் பார்த்ததில்லை. கோழிகளுக்கு மட்டும் பிடித்திருந்தது, சீட்டில்தான் முட்டையிடும்.

புளி உலுக்கும் காலம் நெருங்கிவிட்டது. இந்த வருஷமாவது காயவைக்க முழுக் களமும் வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். யாரோ காரைப் படம் எடுத்து நெட்டில் போட்டதைப் பார்த்துவிட்டு, பழைய கார் சேர்க்கும் சரவணகுமார் என்பவர் சென்னையிலிருந்து போன் செய்தார். அந்த மரப் பக்கத்துக்காகவே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் கோபால்சாமிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

"மலையில இருந்துக்கினு மரம்னு சொல்லி ஸ்டிக்கர ஒட்டிக் குடுக்கறதா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

வெந்நீர் ஊற்றி ஸ்டிக்கரை உரித்தார். சும்மா கிடந்த பலாப் பலகைகளை இழைத்துக் காரின் இரண்டு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கினார். உரித்ததை வீணாக்காமல் எங்கள் தகரக் கதவில் ஒட்டிவிட்டார். கதவைப் பார்த்து அவருக்கு ஒரே பெருமை.

லாரியோடு வந்த சரவணகுமாருக்குப் பலகையைத் தொட்டதும் முகம் செத்துப்போனது.

"இது இன்னாங்க?"

"ஒரிஜினல் பலாங்க. பூச்சி அரிக்காது."

"எனக்கு அந்தப் பொய் மரம்தாங்க வேணும். அந்த அசிங்கத்துக்குத்தாங்க மதிப்பே. இது வேணாங்க, கெளம்பறேன்."

கார் போகாவிட்டால் புளியை எங்கே காயவைப்பது? நல்ல மரம் போட்டு ஒரு பொருளைக் கெடுக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"நில்லுங்க," என்றேன். "உங்க பொய் மரம் எங்க வூட்டுக் கதவுல கீது. உரிக்கக்கூட வேணாம், கதவோட எடுத்துக்குங்க."

அவர் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

பலகைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, காரையும் கதவையும் லாரியில் ஏற்றிக் கட்டினார்கள். கோழிகள் ரோட்டு வளைவு வரை பின்னாலேயே ஓடின.

அந்த வாரமே கோபால்சாமி அதே பலகையில் புதுக் கதவு செய்து மாட்டினார். களம் முழுக்கப் புளி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் மட்டும் கதவுக்கு முன்னால் உம்மென்று நின்றார்.

"இன்னா, மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு நிக்கிறீங்க?"

"பாக்க மரம் மாதிரியே இல்லியே, கலைவாணி," என்றார்.