கட்டைவிரல் பிடி

"கால் கட்டைவிரலைக் கெட்டியாப் பிடிச்சுக்க. விட்டியோ, நடக்கிறதே வேற" என்றான் மூட்டைக்காரன். காலருகே நின்ற மனைவி தலையாட்டினாள்.

குனியவும் விடாமல் நிமிரவும் விடாமல் இடுப்பு பிடித்துக்கொண்டதில் கிடங்கு வேலைக்குப் போய் மாதமாயிற்று. இப்போது சிகிச்சை மேசையில் ஒருக்களித்துக் கிடந்தான். வலியைக்கூட தாங்கிக்கொள்வான். அவனுக்குப் பயமெல்லாம் அடுத்தவர் கையை நினைத்துத்தான். மனைவியின் அண்ணன், அவனுக்கு மச்சான், இப்படித்தான் இடுப்பு வலி என்று எவனிடமோ போனான். அந்தப் பாவி முதுகில் ஏறி மிதித்தான். அன்றைக்குப் படுத்த மச்சான் இன்னும் எழவில்லை. காலில் நெருப்பை வைத்தாலும் தெரியாது.

அதனால்தான் இந்த விரல் பிடி. உணர்ச்சி போனால் அந்த நிமிடமே தெரிந்துவிடுமாம்.

"படம் பார்த்துட்டேண்ணே. எலும்புல கோளாறு இல்ல, தசை இறுகியிருக்கு. அவ்வளவுதான்" என்றாள் சிகிச்சை செய்யும் பெண்.

"மச்சான்கிட்டயும் அப்படித்தாம்மா சொன்னான்."

அவள் உள்ளங்கையை இடுப்பில் வைத்ததுமே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். மூட்டை தோளில் ஏறும்போது மூச்சுப் பிடிக்காதவன் நசுங்கிப்போவான். ஊறிப்போன பழக்கம்.

"கல்லு மாதிரி இருக்கீங்க. மூச்ச விடுங்க."

"விட்டா உசுரும் சேர்ந்து போயிரும்."

"சரி, மூட்டைய இறக்கும்போது என்ன செய்வீங்க?"

"ஹோன்னு விடுவோம்."

"இப்ப இறக்குங்க."

குலசாமியை நினைத்துக்கொண்டு "ஹோ" என்றான். அவள் அழுத்தினாள். உள்ளே மளுக்கென்றது.

விரலில் பிடி இல்லை. தேடித் தேடிப் பார்த்தான், இல்லவே இல்லை. குப்பென்று வியர்த்தது.

"போச்சு! காலு போச்சு! மச்சான் பக்கத்துலயே எனக்கும் ஒரு கட்டிலப் போட்டுருங்க!" என்று அலறினான்.

"அண்ணே, போன காலாலதான் என்னை உதைக்கிறீங்க" என்றாள் அந்தப் பெண், விலாவைத் தடவிக்கொண்டே.

திரும்பிப் பார்த்தான். மனைவி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள்.

"சத்தம் கேட்டுச்சுங்க... அண்ணன் ஞாபகம் வந்துருச்சு. விட்டுட்டேன்."

"உன்னை நம்பினேன் பாரு!"

வலி முழுசாகப் போகவில்லை. ஒரு நாளில் போகாது, வீட்டில் தினமும் செய்தால்தான் குறையும் என்று சொல்லி, மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்கு இழுக்கச் சொன்னாள் அந்தப் பெண். மனைவி மறுபடி விரலைப் பிடிக்க வந்தாள்.

"நீ கிட்டயே வராத" என்றான். "ஹோ" என்று மூச்சை விட்டு முழங்காலை மெல்ல இழுத்தான். பாதம் அருகே வந்தது. கையை நீட்டித் தன் கட்டைவிரலைத் தானே பிடித்துக்கொண்டான்.