ஆடியில் காய்ச்சிய பால்

கட்டில் புது வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டது. தலைமாட்டில் குப்புராஜ், கால்மாட்டில் மகன் அன்புசெல்வன். இருவருக்கும் மூச்சு வாங்கியது. கட்டிலில் படுத்திருந்த தேசம்மா மட்டும் நிதானமாக இருந்தாள்.

"யோவ், நெலைய இடிக்காத. பெயிண்டு போயிடும். கட்டில உட்டுட்டு என்னத் தூக்கினு போ."

இத்தனை வருட வாழ்க்கையில் குப்புராஜ் அவளைத் தூக்கியதே இல்லை. தூக்கினான். நோய் தின்றது போக மிச்சம் இருந்தவள் கனக்கவே இல்லை. இதைக் கல்யாணத்தன்றே செய்திருக்கலாம் என்று அவள் அவன் காதில் சொல்ல, சாகப்போகிறவளின் புருஷன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

ஆஸ்பத்திரியில் அன்று காலை கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், இன்றோ நாளையோ என்றார்கள். ஆம்புலன்ஸ் கும்மிடிப்பூண்டியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுத் தெருவுக்குத் திரும்பியபோது, கட்டிலை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போகச் சொன்னாள் தேசம்மா. அந்த வீட்டில் இன்னும் பால் காய்ச்சவில்லை. ஆடி பிறந்துவிட்டது, ஆவணியில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவனே குப்புராஜ்தான். பால் காய்ச்சாத வீட்டில் சாவு விழுந்தால் காலத்துக்கும் அது சாவு வீடுதான். சொந்தக்காரர்கள் வாசலோடு போய்விடுவார்கள். அவளுக்கும் அது தெரியும்.

"அப்போ இன்னிக்கே காய்ச்சு" என்றாள். "நானு ஆவணி வரிக்கும் இருப்பேனா?"

திருப்பாச்சூரில் இருக்கும் அவள் அண்ணன் வீரராகவனைக் கேட்காமல் இந்தக் குடும்பத்தில் ஒரு துரும்பும் அசையாது. குப்புராஜ் போன் செய்தான். ஆடியில் எவனாவது பால் காய்ச்சுவானா, காய்ச்சினால் நான் வரமாட்டேன் என்று கத்திவிட்டு வைத்துவிட்டார் மச்சான். குப்புராஜ் மகனைப் பால் வாங்க அனுப்பினான். மச்சான் பேச்சை அவன் மீறியது அதுதான் முதல்முறை.

வீடு அவள் பேரில்தான் இருந்தது. மனை அவள் பேரில், அரசாங்க மானியம் அவள் பேரில், அரசாங்கத்தை நம்பி பேங்க் கொடுத்த கடனும் அவள் பேரில். வீட்டுக்கு ஓனர் யார் என்று மேனேஜர் கேட்டபோது எல்லோரும் குப்புராஜைத்தான் பார்த்தார்கள். "நான்தான் சார்" என்று அவள் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அன்றே குப்புராஜ் அவளுக்கு ஓனரம்மா என்று பெயர் வைத்தான். ஓனரம்மா போட்ட முதல் சட்டம், சுவரில் யாரும் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டர் ஜன்னல் மேடையில் படுத்துக் கிடந்தது.

வேலை முடிந்து மிஞ்சிய செங்கல் மூன்றை வைத்து அடுப்பு கூட்டினார்கள். அன்புசெல்வன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் செய்தி போட்டான். அக்கம்பக்கத்தார் முதலில் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார்கள். பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்ததும் தயக்கம் போய்விட்டது. கூடம் நிறைய ஆள். சர்க்கரை பத்தாது என்று படுத்தபடியே அதட்டினாள் தேசம்மா. குப்புராஜ் ஸ்பூனில் ஊட்டினான். குடித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், அவனுக்கே பொறாமையாக இருந்தது.

"எல்லாருக்கும் குட்த்தியா?" என்றாள்.

அவன் டம்ளர்களோடு ஒரு சுற்று போய்வந்தான். திரும்பி வந்தபோது அவள் கண் திறந்தபடி கூரையைப் பார்த்திருந்தது. மூச்சு இல்லை.

சாயங்காலம் யாரும் எதிர்பார்க்காத ஆள் ஒருவர் வந்து நின்றார். வீரராகவன். கையில் பளபளப்புக் காகிதம் சுற்றிய பரிசு. பால் காய்ச்சும் செய்தியைப் பார்த்ததும் மனசு கேட்காமல் கிளம்பியிருந்தார். அவசரத்தில் போனை வீட்டிலேயே விட்டுவந்ததில் சாவுச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. அழுகைச் சத்தத்தில்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

குப்புராஜ் ஒரு டம்ளரை அவர் கையில் கொடுத்தான்.

"மொதல்ல பால குடி மச்சான். அப்பறம் அழுவலாம். உன் தங்கச்சி ஊட்டுப் பாலு."

குடித்தார். குடித்துக்கொண்டே அழுதார். அப்புறம் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் காகிதத்தைப் பிரித்தார். சுவர்க் கடிகாரம். கொத்தனார் விட்டுப்போன சுத்தியும் ஆணியும் மூலையில் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நடந்தார்.

குப்புராஜ் அவர் கையைப் பிடித்தான்.

"ஆணி அடிக்காத மச்சான். ஓனரம்மா திட்டுவா."

வீரராகவன் சுத்தியைக் கீழே வைத்தார். கடிகாரத்தைத் தங்கையின் தலைமாட்டில், சுவரோரம் சாய்த்தார். குப்புராஜ் குனிந்து அதை எடுத்தான். தோளில் கிடந்த துண்டை மடித்து, சுவரில் கீறல் விழாதபடி பின்னால் கொடுத்து, திரும்பச் சாய்த்து வைத்தான்.