துவைக்கக் கூடாத சட்டை

ஆடுகிறவர்களை ஊருக்கே தெரியும். அவர்கள் அழுக்கைத் துவைக்கிறவளை யாருக்குத் தெரியும்? எங்கள் ஊர் ஐஸ் அரங்கில் ஆண்கள் அணி, பையன்கள் அணி, ஐம்பது தாண்டிய கிழவர்கள் அணி என்று எல்லோருடைய வியர்வையும் என் மெஷினுக்குத்தான் வரும். இந்த ஜனவரியில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களின் ஐஸ் ஹாக்கி உலகப் போட்டி, இரண்டாம் பிரிவு, எங்கள் ஊரில் நடந்தது. ஆகவே எங்கள் ஸ்லோவாக்கியப் பெண்களின் அழுக்கும் வந்து சேர்ந்தது.

முதல் நான்கு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டார்கள். கடைசி நாள் ஹங்கேரியோடு. அதையும் ஜெயித்தால் அடுத்த வருடம் மேல் பிரிவு.

கோல்கீப்பர் சிடோனியாவுக்குப் பதினேழு வயது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது உள்சட்டையைத் துவைத்தால் ராசி தண்ணீரோடு போய்விடும் என்பது அவள் கட்சி. முதல் நாளே எச்சரித்துவிட்டாள்.

"அத்தை, இது மேல ஒரு சொட்டு தண்ணி பட்டுச்சு, நான் ஐஸ்ல கால் வைக்க மாட்டேன்."

எனக்கு இந்தப் பைத்தியம் புதிதில்லை. என் கணவர் கொலோமன் கிழவர்கள் அணியின் கோல்கீப்பர். ஒரு ஆட்டமாவது ஜெயித்த பிறகுதான் சட்டையைத் துவைக்க விடுவேன் என்று நவம்பரில் சபதம் போட்டார். இன்னும் துவைத்தபாடில்லை. அந்தப் பையை வீட்டில் வைக்க முடியாமல் அரங்கில் என் அறையிலேயே வைத்திருந்தேன்.

கடைசி நாள் காலையில் துண்டுகளை அள்ளி மெஷினில் போட்டேன். வெளியே எடுத்தால், நடுவில் சிடோனியாவின் கறுப்புச் சட்டை! ஆணியில் மாட்டியிருந்தது நழுவித் துண்டுக் கூடையில் விழுந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. லாவெண்டர் வாசனை கமகமவென்று அடித்தது. ஒரு பெண்ணின் ராசியைக் கழுவிச் சாக்கடையில் விட்டுவிட்டேனே!

ஆட்டத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம். கொலோமனின் பை கண்ணில் பட்டது. அதே கறுப்பு, அதே தையல். அளவு மட்டும் அவர் தொப்பைக்கு ஏற்றது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சட்டையை எடுத்து ஓடினேன்.

"இந்தாடி, உன் பொக்கிஷம்."

சிடோனியா வாங்கினாள். முகர்ந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். "ஆஹா!" என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த கேப்டன் ரெபேகா எழுந்து தள்ளிப் போனாள். "அய்யய்யோ, இன்னைக்கு ஹங்கேரிக்காரி ஒருத்தியும் கோல் பக்கம் வர மாட்டா!"

வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். நாங்கள் ஒரு கோல் அடித்திருந்தோம், அவ்வளவுதான். கடைசி இரண்டு நிமிடம் ஹங்கேரி தன் கோல்கீப்பரையும் வெளியே எடுத்துவிட்டு ஆறு பேராகப் பாய்ந்தது. நான் கதவோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். செய்த தப்புக்கு வேடிக்கை வேறு பார்க்கணுமா? ரப்பர் வட்டு அவள் காலில், மட்டையில், மார்பில் படும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சைரன். கண்ணைத் திறந்தால் கையுறைகள் ஆகாயத்தில் பறக்கின்றன. எங்கள் தேசிய கீதம் ஒலித்தபோது ஐஸில் கோட்டோரம் வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்து ஓவென்று அழுதேன்.

மனசு கேட்கவில்லை. உடை மாற்றும் அறையில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"சிடா, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். அது உன் சட்டை..."

"தெரியும் அத்தை. என் சட்டை முழங்கால் வரைக்கும் தொங்காது."

"தெரிஞ்சேவா போட்ட?"

"நீங்க ஓடி வந்த கோலத்தைப் பாத்தேன். நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா நீங்க ஆயுசுக்கும் உங்களையே திட்டிட்டு இருந்திருப்பீங்க. சரி, ராசியே இல்லாம ஒரு நாள் ஆடித்தான் பாப்போமேன்னு."

"பயமா இல்லையாடி?"

"செத்தே போயிட்டேன்!"

அவளை அப்படியே கட்டிக்கொண்டேன், அந்த நாற்றத்தோடு. ஒரு தலைமுழுக்கு எனக்கும் தேவைப்பட்டது.

"சரி, இது யாரோடது?" என்றாள். சபதக் கதையைச் சொன்னேன். பெஞ்சில் புரண்டு சிரித்தாள். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் வைத்தாள்.

"மாமாகிட்ட சொல்லுங்க அத்தை. அவர் சட்டை உலகப் போட்டியே ஜெயிச்சாச்சு. இனிமே துவைக்கலாம்."

அவரிடம் நான் கேட்கவில்லை. நேராக மெஷினில் போட்டேன். இரண்டு தடவை.