வெந்த களியின் எடை

31 மார்ச் 2025, திங்கள்

இருபத்தேழு நாளாக அப்பாவின் சாப்பாட்டுக் கணக்கைத் தப்பாக எழுதி வந்திருக்கிறேன். நூறு கிராம் கேழ்வரகு மாவுக்கு 330 கலோரி. அந்த எண்ணை நான் வெந்த களிக்குப் போட்டுவிட்டேன். அப்பா ஒரு நாளில் சாப்பிடும் முந்நூறு கிராம் களியில் மாவு நூறு கிராம்தான், மிச்சம் தண்ணீர். இன்று மாலை வகுப்பில் இந்து மேடம் அரிசியை வேகும் முன்னும் வெந்த பின்னும் எடை போடச் சொன்னார். அப்போதுதான் புரிந்தது. ஏன் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று பக்கத்தில் இருந்த ஷில்பா கேட்டாள். பேனா தீர்ந்துவிட்டது என்றேன். அதுவும் பொய்.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். போய் மூன்று வருஷம் ஆகிறது. ஈஸ்டருக்கு லீவு கேட்டிருக்கிறாள். அது கிடைக்க வேண்டும் என்று அப்பா இந்தத் தவக்காலம் முழுக்கக் கறி, மீன், முட்டையோடு பால், தயிரையும் விடுவதாக நேர்ந்துகொண்டார். அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். அவர் எடை ஐம்பத்தெட்டிலிருந்து ஒரு கிலோ இறங்கினாலும் நேர்ச்சையை நிறுத்திவிட வேண்டும். பார்த்துக்கொள்வது, டயட் படிக்கிற என் பொறுப்பு.

அப்பா பெங்களூரு வேலைக்கு ரயிலில் போய் வருகிறவர். சனிக்கிழமைகளில் வழியில் பங்காருபேட்டை ஸ்டேஷன் எடை மெஷினில் ஏறிப் பார்த்து, வீட்டுக்கு வந்து ஐம்பத்தெட்டு என்பார். என் நோட்டிலும் தினம் 2150 கலோரி வந்ததால் நான் சந்தேகப்படவில்லை. உண்மையில் வந்தது 1490.

வகுப்பு எடை மெஷினை மேடத்திடம் கேட்டு வாங்கி வந்தேன். அப்பா எங்கள் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் ஏறச் சொன்னேன். ஷூவைக் கழற்றாமல் ஏறப் பார்த்தார். கழற்றச் சொன்னேன். 55.7.

அவர் ஆச்சரியப்படவில்லை. முன்பே தெரிந்துதான் ஐம்பத்தெட்டு என்று சொல்லி வந்திருக்கிறார் என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

"உங்கம்மாகிட்ட சொன்னா இன்னா ஆவும்? நிறுத்துன்னுவா. பாதியில நிறுத்திட்டு, லீவு குடுன்னு ஆண்டவர்கிட்ட எந்த மூஞ்ச வச்சிக்னு கேக்கறது?"

பெல்ட்டில் அவரே ஆணியால் ஒரு புது ஓட்டை போட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நேர்ச்சை முறிந்து, லீவும் கிடைக்காமல் போனால் அது என் களிக் கணக்கால்தான் என்று ஆயுசு முழுக்கத் தோன்றும். ஆனால் அம்மா வீடியோவில் வந்ததும், அவள் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். என் தப்பை முதலில், அப்பாவுடையதைப் பிறகு.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்பாவைக் காட்டச் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாங்க, நான் மட்டும் இங்க இன்னா துன்றேன்னு நெனச்சீங்க?" என்றாள்.

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து அவளும் அதே நேர்ச்சையில் இருக்கிறாள். அந்த வீட்டுக்காரர்களுக்கு ஆட்டுக்கறி வேகவைத்துக் கொடுத்துவிட்டு, பருப்பைத் தொட்டுக்கொண்டு குப்பூஸ் ரொட்டி சாப்பிடுகிறாள். எங்களிடம் சொல்லவில்லை. அந்த வீட்டு மேடம் லீவைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

அப்பா போனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கன்னம் ஒட்டிப்போச்சு உனக்கு" என்று மட்டும் சொன்னார்.

"ரெண்டு பேரும் நேர்ச்சைய விட வேணாம்," என்றாள் அம்மா. "ஆனா பாப்பா சொல்ற மாதிரி வயிறு ரொம்ப சாப்டுங்க."

ஒரு குப்பூஸ் எத்தனை கிராம் என்று கேட்டேன். அங்கே தராசு இல்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், இதைவிடக் கொஞ்சம் பெரிது என்று. திரையில் அந்தக் கை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அது என் கையைவிடச் சிறியதா, பெரியதா என்றும் நினைவில்லை. நோட்டில் அம்மா பெயரில் தனியாக ஒரு பத்திக்குக் கோடு போட்டேன். எண் எழுத முடியவில்லை.

நாளைக்கு: காலை ஐந்து மணிக்கு மாவை வேகும் முன் எடை போட வேண்டும். நூறு கிராம் வேர்க்கடலை வறுத்து, ஒரு வாழைப்பழத்தோடு அப்பா பையில் வைக்க வேண்டும். அம்மாவிடம் ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி பருப்பு என்று கேட்க வேண்டும்.