கொட்டகைச் சுவரில் எட்டுமுனை நட்சத்திரம்

வெர்லினுக்கு இந்தக் கொட்டகை அலங்காரமெல்லாம் சுத்தமாகப் பிடிக்காது. உள்ளே வைக்கோலும் டிராக்டரும் இருந்தால் போதாதா, சிங்காரித்து நிறுத்த அது என்ன கல்யாணப் பெண்ணா என்று கேட்கிற ஆள்.

அப்பேர்ப்பட்டவரைத் தாஜா செய்தவள் ஊர்க் கமிட்டி டார்லா. ஒட்டுத்துணிப் போர்வையின் ஒரு கட்டத்தைப் பலகையில் வரைந்து கொட்டகைக்குக் கொட்டகை மாட்டுகிறார்கள், அதைப் பார்க்கவே அயோவா மாநிலம் முழுக்க ஜனங்கள் காரில் சுற்றுகிறார்கள், நாலு தலைமுறைப் பண்ணையில் ஒன்று இல்லாவிட்டால் எப்படி என்றாள். வெர்லின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: ஆட்கள் வருவார்கள். மனைவி ஆர்டிஸ் செத்துப்போனதிலிருந்து அவர் பேசுவதெல்லாம் பசுக்களோடுதான். அதுகள் பதில் சொல்லித் தொலைக்காது.

ஆர்டிஸ் தைத்த போர்வையைப் பார்த்துத் தானே வரைந்தார். நீலமும் வெள்ளையுமாக எட்டுமுனை நட்சத்திரம்; ஒரு முனை மட்டும் சிவப்புக் கட்டம் போட்டது. துணி பத்தாமல் போனபோது அவரைக் கேட்காமலே அவருடைய நல்ல சட்டையை வெட்டிவிட்டாள் மகராசி. அதற்கு அவர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். இந்தக் கதையை யாரிடமாவது சொல்லத்தான் மனுஷன் ஏங்கிக் கிடந்தார். கம்பத்தில் ஆளை ஏற்றிவிடும் மின்சாரக் கம்பெனி லாரி வந்து, பலகையைச் சாலைப் பக்கச் சுவரில் மாட்டிவிட்டுப் போனது.

கார்கள் வரத்தான் செய்தன, பொய் சொல்லக் கூடாது. கண்ணாடி இறங்கும், படம் எடுப்பார்கள், போயே போய்விடுவார்கள். வீட்டிலிருந்து அவர் வந்து சேர்வதற்குள் புழுதிதான் மிச்சம். அதனால் கொட்டகை முன்னாலேயே வேலையை வைத்துக்கொண்டார். பழுதே இல்லாத வேலியைப் பழுதுபார்த்தார். பிளாஸ்கில் காபி, பக்கத்தில் இரண்டு கோப்பை.

ஒரு ஞாயிறு மதியம் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. ஒரு பெண் கீழேயே இறங்கிவிட்டாள். அவரைப் பார்த்துக் கையும் ஆட்டினாள். வெர்லின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார்.

"வாம்மா, வா. அந்தச் சிவப்பு முனை இருக்கு பாரு, அது..."

"ஐயா, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? படத்துல விழுறீங்க."

கையாட்டியது அதற்குத்தான். தள்ளி நின்றார். இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டினாள். வேலியோர முள்செடி வரைக்கும் போனார். படம் எடுத்தாள், ரொம்ப நன்றி என்று சிரித்தாள். நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. கார் கிளம்பிப் போய்விட்டது.

புழுதி அடங்கிய பிறகும் வெர்லின் முள்செடிக்குள்ளேயே நின்றார். போதும், இனி வரலாம் என்று சொல்ல அங்கே ஆளில்லை.